கொள்கைத் தகவல் தளம் (கணினி வலையமைப்பு)

கொள்கைத் தகவல் தளம் என்பது கணினி வலையமைப்பு ஒன்றில் எந்தத் தரவுப் பொதிக்கு வழிவிடுவது, எதைத் தடுப்பது, எதற்கு முன்னுரிமை தருவது என்பன போன்ற விதிகளை வரையறுக்கப்பட்ட கட்டமைப்பில் சேமித்து வைக்கும் தரவு அமைப்பு ஆகும். இது சுருக்கமாக பிஐபி எனப்படும். இதை எழுதுவதற்கான மொழியை இணையப் பொறியியல் பணிக்குழு (ஐஇடிஎஃப்) 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆர்எஃப்சி 3159 என்னும் ஆவணமாக வெளியிட்டது.

பிஐபி பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆயினும் கொள்கைத் தரவை எந்த வடிவில் வைப்பது, அதை மாற்றும் உரிமை யாருக்கு, பாதியில் தவறினால் என்ன செய்வது ஆகிய கேள்விகளுக்கு அது தந்த விடைகள் பின்னர் வந்த முறைகளிலும் தொடர்கின்றன. அது தோற்றதற்கான காரணமும் இத்துறை மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

தேவை

ஒரு கல்லூரியில் 40 சுவிட்சுகளும் 6 திசைவிகளும் உள்ளன எனக் கொள்வோம். "தொலைபேசி அழைப்புகளுக்கு எப்போதும் முன்னுரிமை தர வேண்டும், தேர்வு நேரத்தில் ஆய்வகக் கணினிகள் தேர்வு வழங்கியை மட்டுமே அணுக வேண்டும்" என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. முடிவு இரண்டு வாக்கியங்கள்தான். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவர, வலையமைப்பு மேலாளர் 46 கருவிகளிலும் தனித்தனியே உள்நுழைந்து, ஒவ்வொன்றின் தயாரிப்பு நிறுவனத்துக்கும் உரிய கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

இம்முறையில் மூன்று சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது, ஒரு கருவியில் ஒரு வரி விடுபட்டாலும் கொள்கை அங்கே செயல்படாது. பிழை தேர்வு நாளன்றுதான் தெரியவரும். இரண்டாவது, கட்டளைகள் கருவிக்குள் போனபின் அவற்றின் நோக்கம் மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் பார்ப்பவருக்கு அது எந்த முடிவிலிருந்து வந்தது, இன்னும் தேவையா என்பது தெரியாது. மூன்றாவது, கொள்கை மாறும்போது பழைய வரிகளை எல்லாக் கருவிகளிலிருந்தும் தேடி நீக்க வேண்டும்.

கொள்கையை ஓரிடத்தில் தரவாக எழுதி, அதிலிருந்து கருவிகளுக்கான அமைவுகளை உருவாக்கினால் இச்சிக்கல்கள் குறையும். கொள்கை சார்ந்த வலையமைப்பு மேலாண்மை என்னும் துறை இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது.

முடிவெடுப்பதும் நடைமுறைப்படுத்துவதும்

2000ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 2753 இத்துறைக்கான பணிப்பிரிவினையை விளக்கியது. கொள்கையைப் படித்து, இந்தச் சூழலில் என்ன செய்ய வேண்டும் எனத் தீர்மானிக்கும் வழங்கி, கொள்கை முடிவு முனை எனப்படும். அந்த முடிவின்படி பொதிகளை அனுப்பவோ தடுக்கவோ செய்யும் திசைவி அல்லது சுவிட்ச், கொள்கைச் செயலாக்க முனை எனப்படும்.

இவற்றுடன் கொள்கைகள் சேமிக்கப்படும் களஞ்சியமும், மேலாளர் கொள்கைகளை எழுதவும் திருத்தவும் பயன்படுத்தும் கருவியும் சேர்ந்தால் முழு அமைப்பு உருவாகிறது. ஒரு கொள்கை மேலாளரின் திரையிலிருந்து களஞ்சியத்துக்கும், அங்கிருந்து முடிவு முனைக்கும், இறுதியாகச் செயலாக்க முனைக்கும் செல்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அதன் தரவு வடிவம் மாறுகிறது.

தகவல் மாதிரியும் தரவு மாதிரியும்

கொள்கைத் தரவைக் கட்டமைப்பதில் இரண்டு படிகள் உள்ளன. என்னென்ன பொருள்கள் உள்ளன, அவற்றுக்கிடையே என்ன உறவு என்பதை மட்டும் சொல்வது தகவல் மாதிரி. அவற்றை எந்த மொழியில், எந்தத் தரவு வகையில், எந்த அடையாள எண்ணுடன் எழுதுவது என்பதைச் சொல்வது தரவு மாதிரி. ஒரு தகவல் மாதிரியிலிருந்து பல தரவு மாதிரிகளை உருவாக்கலாம்.

கொள்கைக்கான பொதுத் தகவல் மாதிரியை ஐஇடிஎஃப், டிஎம்டிஎஃப் என்னும் தொழில்துறை அமைப்புடன் இணைந்து உருவாக்கி, 2001 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 3060 ஆக வெளியிட்டது. இது சுருக்கமாக பிசிஐஎம் எனப்படும். இதன் விரிவாக்கம் 2003 ஜனவரியில் ஆர்எஃப்சி 3460 ஆக வந்தது. பிசிஐஎம் மாதிரியின் முக்கிய வகுப்புகள் பின்வருமாறு:

- கொள்கை விதி: "இந்த நிபந்தனை உண்மையானால் இந்தச் செயலைச் செய்" என்னும் அலகு.
- கொள்கை நிபந்தனை: விதி எப்போது பொருந்தும் என்பதைச் சொல்வது.
- காலவரம்பு நிபந்தனை: நாள், மாதம், கிழமை, நேரம் ஆகியவற்றைக் குறிப்பது. மேற்கண்ட தேர்வு நேரக் கட்டுப்பாடு இவ்வகையில் அடங்கும்.
- கொள்கைச் செயல்: அனுமதித்தல், தடுத்தல், குறியிடுதல் போன்றவை.
- கொள்கைக் குழு: தொடர்புடைய விதிகளின் தொகுப்பு.

ஒரு விதியில் பல நிபந்தனைகள் இருந்தால் அவற்றை "எல்லாம் பொருந்த வேண்டும்" எனவும் "ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்" எனவும் இணைக்கலாம். இரண்டு விதிகள் ஒரே பொதிக்குப் பொருந்தி, ஒன்று அனுமதித்து மற்றொன்று தடுத்தால் முரண்பாடு ஏற்படும். அதைத் தீர்க்க விதிகளுக்கு முன்னுரிமை எண் தரப்படுகிறது. விதிகள் வெறும் உரையாக அல்லாமல் தனித்தனிப் புலங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், இத்தகைய முரண்பாடுகளைக் கணினியே தேடிக் காட்ட முடியும்.

கொள்கைக் களஞ்சியம்

அக்காலத்தில் பல நிறுவனங்கள் தம் பயனர் விவரங்களை எல்டாப் நெறிமுறை வழியே அணுகப்படும் அடைவுகளில் வைத்திருந்தன. கொள்கைகளையும் அங்கேயே வைக்கலாம் என்னும் கருத்தின்படி, பிசிஐஎம் வகுப்புகளை அடைவுப் பதிவுகளாக எழுதும் முறை 2004 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 3703 ஆக வெளியானது.

அடைவு, அடிக்கடி படிக்கப்பட்டு அரிதாக மாற்றப்படும் தரவுக்கு ஏற்றது, கொள்கைகள் அத்தகையவை. ஒரே விதியைப் பலர் பயன்படுத்தும் வகையில் அதைத் தனிப் பதிவாக வைத்து, பிற பதிவுகள் அதைச் சுட்டுமாறு அமைக்கலாம். ஆனால் ஒரு குறையும் உண்டு. ஒரு கொள்கை பல பதிவுகளாகப் பிரிந்திருக்கும். அவை அனைத்தையும் ஒரே பரிவர்த்தனையில் மாற்றும் வசதி அடிப்படை எல்டாப் நெறிமுறையில் இல்லை. மேலாளர் நிபந்தனையை மாற்றிவிட்டுச் செயலை மாற்றுவதற்குள் முடிவு முனை அதைப் படித்தால், யாரும் எழுதாத ஒரு கொள்கை நடைமுறைக்கு வந்துவிடும். எனவே களஞ்சியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சேமிப்பு அளவைவிட இந்த ஒருமைப்பாடு முக்கியமானதாகக் கருதப்படுகிறது.

பிஐபியின் கட்டமைப்பு

வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்க 1980களின் இறுதியிலிருந்தே எஸ்என்எம்பி நெறிமுறை பயன்பட்டு வந்தது. கருவியின் தகவல்களை எம்ஐபி என்னும் மேலாண்மைத் தகவல் தளமாக அது ஒழுங்குபடுத்தியது. பிஐபி இதே மரபில் வந்தது. எம்ஐபிகளை எழுதப் பயன்படும் எஸ்எம்ஐ மொழியைத் தழுவியே பிஐபிக்கான எஸ்பிபிஐ மொழி அமைக்கப்பட்டது. இரண்டும் ஏஎஸ்என்.1 என்னும் குறிமுறையைப் பயன்படுத்துகின்றன.

பிஐபி ஒரு மர வடிவப் பெயர்வெளி ஆகும். மரத்தின் கிளைகளில் வழங்கல் வகுப்புகள் உள்ளன. ஒவ்வொரு வகுப்பையும் ஓர் அட்டவணையாகவும், அதன் ஒவ்வொரு நேர்வையும் அட்டவணையின் ஒரு வரிசையாகவும் எண்ணிப் பார்க்கலாம். வகுப்பின் மர எண்ணுடன் வரிசை எண்ணைச் சேர்த்தால், அந்த வரிசைக்கு உரிய தனித்த அடையாளம் கிடைக்கும்.

எஸ்பிபிஐ மொழி அட்டவணைகளுக்குச் சில பண்புகளை வரையறுத்தது:

- அணுகல் வகை: முடிவு முனை கருவியில் நிறுவக்கூடிய தரவா, கருவி தன் திறன்பற்றி முடிவு முனைக்குத் தெரிவிக்கும் தரவா, இரண்டுமா, அறிக்கைக்கு மட்டும் உரியதா என்பது ஒவ்வொரு அட்டவணைக்கும் குறிக்கப்படும்.
- தனித்தன்மை: எந்தப் புலங்களின் மதிப்புகள் இரண்டு வரிசைகளில் ஒன்றுபோல் இருக்கக் கூடாது என்பது சொல்லப்படும். ஒரே விதி இருமுறை நிறுவப்படுவது இதனால் தடுக்கப்படும்.
- சுட்டுதல்: ஒரு புலம் வேறு எந்த அட்டவணையின் வரிசையைச் சுட்டுகிறது என்பது வெளிப்படையாக எழுதப்படும்.
- நிறுவல் பிழைகள்: வரிசை ஏற்கப்படாவிட்டால் கருவி திருப்பி அனுப்பக்கூடிய பிழைக் குறியீடுகள் முன்கூட்டியே பட்டியலிடப்படும்.

எடுத்துக்காட்டு

முன்னர்ச் சொன்ன கல்லூரியின் தொலைபேசிக் கொள்கை, எளிமைப்படுத்திய வடிவில் பின்வருமாறு வரிசைகளாக மாறும்.

- வடிகட்டி அட்டவணை, வரிசை 1: மூல முகவரி 10.20.0.0, முன்னொட்டு நீளம் 16, நெறிமுறை எண் 17, சேரிடத் துறை எண் 16384 முதல் 32767 வரை.
- வகைப்படுத்தி அட்டவணை, வரிசை 1: வடிகட்டி வரிசை 1ஐச் சுட்டுகிறது, அடுத்த படி குறியிடல் வரிசை 1.
- குறியிடல் அட்டவணை, வரிசை 1: டிஎஸ்சிபி மதிப்பு 46, அடுத்த படி காத்திருப்பு வரிசை 1.

நெறிமுறை எண் 17 என்பது யூடிபியைக் குறிக்கும். டிஎஸ்சிபி 46 என்பது தாமதம் கூடாத குரல் போன்ற போக்குவரத்துக்கு வழக்கமாக இடப்படும் குறி. மேற்கண்ட வரிசைகளைச் சேர்த்துப் படித்தால், "தொலைபேசிகள் உள்ள முகவரிகளிலிருந்து இந்தத் துறைகளுக்குச் செல்லும் யூடிபி பொதிகளைக் குரல் எனக் குறியிட்டு முன்னுரிமைக் காத்திருப்பு வரிசையில் சேர்" என்னும் பொருள் கிடைக்கிறது.

சேவைத் தரத்துக்கான பிஐபி 2003 மார்ச்சில் ஆர்எஃப்சி 3317 ஆக வெளிவந்தது. அதுவும் இவ்வாறே வகைப்படுத்தி, அளவி, செயல், காத்திருப்பு வரிசை, ஒழுங்கமைப்பி ஆகியவற்றைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து, ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டும் சங்கிலியாக இணைத்தது. இதனால் குறியிடல் மதிப்பு மாறும்போது ஒரு வரிசையை மட்டும் திருத்தினால் போதும். முழுச் சங்கிலியையும் மீண்டும் எழுத வேண்டியதில்லை.

பங்குகள்

மேற்கண்ட வரிசைகளில் எந்தச் சுவிட்சின் எந்த இடைமுகம் என்பது சொல்லப்படவில்லை. அதைப் பங்கு என்னும் கருத்து ஈடுசெய்கிறது. ஒவ்வொரு இடைமுகத்துக்கும் அது செய்யும் வேலையைக் குறிக்கும் ஒன்று அல்லது பல பெயர்கள் இடப்படும். எடுத்துக்காட்டாக "ஆய்வகம்", "தொலைபேசி", "வெளி இணைப்பு" எனப் பெயரிடலாம். கொள்கை, பங்கின் பெயருடன் இணைக்கப்படும்.

புதிய சுவிட்ச் ஒன்றைப் பொருத்தும்போது அதன் இடைமுகங்களுக்குப் பங்குகளைக் குறித்தால் போதும். உரிய விதிகள் முடிவு முனையிலிருந்து வந்து சேரும். ஆய்வகம் வேறு கட்டடத்துக்கு மாறினால் பங்குகள் மாறும். கொள்கையில் திருத்தம் தேவையில்லை. ஓர் இடைமுகத்துக்கு இரண்டு பங்குகள் இருந்தால் அவ்விரண்டின் சேர்க்கைக்கு எனத் தனிக் கொள்கை எழுதவும் முடியும்.

தரவு கருவியைச் சென்றடையும் முறை

பிஐபி தரவைக் கருவிகளுக்குக் கொண்டுசெல்ல காப்ஸ் நெறிமுறையின் விரிவான காப்ஸ்-பிஆர் உருவாக்கப்பட்டது. காப்ஸ் 2000 ஜனவரியில் ஆர்எஃப்சி 2748 ஆகவும், காப்ஸ்-பிஆர் 2001 மார்ச்சில் ஆர்எஃப்சி 3084 ஆகவும் வெளியாயின. காப்ஸ் டிசிபி மீது இயங்குவது. அதற்கென ஒதுக்கப்பட்ட துறை எண் 3288.

கருவி இயங்கத் தொடங்கியதும் தானே முடிவு முனையுடன் தொடர்பை ஏற்படுத்தி, தனக்குரிய பங்குகளையும் தன் வன்பொருளால் என்ன செய்ய இயலும் என்பதையும் தெரிவிக்கிறது. முடிவு முனை அதற்கு ஏற்ற வரிசைகளை அனுப்புகிறது. அவற்றை நிறுவியபின் கருவி வெற்றி அல்லது தோல்வி அறிக்கையைத் திருப்பி அனுப்புகிறது.

இம்முறையின் இரண்டு பண்புகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஒரு குறிப்பிட்ட துறைக்கான கொள்கையை ஒரு கருவியில் எழுதும் உரிமை ஒரு நேரத்தில் ஒரே முடிவு முனைக்கு மட்டுமே உண்டு. எனவே இரு மேலாண்மை வழங்கிகள் ஒன்றின் மாற்றத்தை மற்றொன்று அழிக்கும் நிலை எழாது. இரண்டாவது, ஒரு செய்தியில் வரும் வரிசைகள் அனைத்தும் ஒரே பரிவர்த்தனையாகக் கொள்ளப்படும். ஒன்று தவறினாலும் கருவி முழுவதையும் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

முடிவு முனையுடனான இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதும் தரவாகவே சேமிக்கப்பட்டது. 2003 மார்ச்சில் வெளிவந்த ஆர்எஃப்சி 3318இன்படி, நிறுவப்பட்ட கொள்கைத் தொகுதி காலவரையின்றி நீடிக்க வேண்டுமா, உடனே நீங்க வேண்டுமா, குறித்த நேரம் கழித்து நீங்க வேண்டுமா என்பதை ஒரு புலத்தில் குறிக்கலாம். ஒரு கருவியில் பல தொகுதிகளை முன்கூட்டியே ஏற்றிவைத்து, அவற்றுள் ஒன்றை மட்டும் செயலில் வைக்கவும் இயலும். கல்லூரியின் தேர்வு நாள் தொகுதியையும் வழக்கமான நாள் தொகுதியையும் இவ்வாறு மாற்றிக்கொள்ளலாம்.

பரவாமல் போன காரணம்

2002 ஜூன் 4 முதல் 6 வரை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரெஸ்டன் நகரில், வலையமைப்புகளை இயக்குபவர்களும் நெறிமுறைகளை உருவாக்குபவர்களும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றை இணையக் கட்டமைப்பு வாரியம் நடத்தியது. அதன் தொகுப்பு 2003 மே மாதம் ஆர்எஃப்சி 3535 ஆக வெளியிடப்பட்டது.

இயக்குபவர்கள் முன்வைத்த தேவைகள் நடைமுறை சார்ந்தவை. அமைவுத் தரவு, செயல்நிலைத் தரவு, புள்ளிவிவரங்கள் ஆகியவை தனித்தனியே பிரிக்கப்பட வேண்டும். ஒரு கருவியின் அமைவை முழுமையாக எடுத்துச் சேமித்து மீண்டும் ஏற்ற முடிய வேண்டும். இரண்டு அமைவுகளுக்கு இடையிலான வேறுபாட்டைச் சாதாரண உரைக் கருவிகளால் ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்.

காப்ஸ்-பிஆர் வழியே செல்லும் பிஐபி தரவு பிஇஆர் என்னும் இருமக் குறிமுறையில் இருந்தது. அதைத் தனி மென்பொருள் இன்றிப் படிக்கவோ, சிறு நிரல் எழுதித் திருத்தவோ இயலவில்லை. நள்ளிரவில் வலையமைப்பு பழுதானால், மேலாளர் முதலில் செய்வது நேற்றைய அமைவையும் இன்றைய அமைவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பிஐபியின் இரும வடிவம் அதைக் கடினமாக்கியது. காப்ஸ்-பிஆர் மேம்பாட்டில் ஐஇடிஎஃப் வளங்களைச் செலவிட வேண்டியதில்லை எனப் பயிலரங்கு பரிந்துரைத்தது. பின்னர் காப்ஸ்-பிஆர், எஸ்பிபிஐ ஆகிய இரண்டும் வரலாற்று நிலை ஆவணங்களாக வகைமாற்றம் செய்யப்பட்டன.

நெட்கான்ஃப், யாங்

ரெஸ்டனில் கூறப்பட்ட தேவைகளின் தொடர்ச்சியாக நெட்கான்ஃப் நெறிமுறை 2006இல் வெளியானது. அதன் திருத்திய வடிவம் 2011இல் ஆர்எஃப்சி 6241 ஆக வந்தது. தரவை மாதிரியாக்கும் யாங் மொழி 2010இல் ஆர்எஃப்சி 6020 ஆகவும், அதன் 1.1 பதிப்பு 2016இல் ஆர்எஃப்சி 7950 ஆகவும் வெளியாயின. இங்கே தரவு எக்ஸ்எம்எல் உரையாகச் செல்கிறது. பின்னர் வந்த ரெஸ்ட்கான்ஃப் நெறிமுறையில் ஜேசான் வடிவத்தையும் பயன்படுத்தலாம்.

பிஐபியின் பல அம்சங்களுக்கு யாங் மொழியில் இணை உண்டு. அட்டவணைகள் பட்டியல்களாகவும், தனித்தன்மை விதி திறவுச் சொற்களாகவும், சுட்டுதல் வேறு இலையைச் சுட்டும் தரவு வகையாகவும் அமைகின்றன. ஒரு மதிப்பு இருந்தால் மற்றொன்றும் இருக்க வேண்டும் என்பன போன்ற கட்டுப்பாடுகளையும் மாதிரியிலேயே எழுதலாம். பொதிகளை அனுமதிக்கவும் தடுக்கவும் உதவும் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கான யாங் மாதிரி 2019இல் ஆர்எஃப்சி 8519 ஆக வெளிவந்தது.

சேமிப்பிலும் மாற்றம் ஏற்பட்டது. நெட்கான்ஃப், இயங்கும் அமைவு, வரைவு அமைவு, தொடக்க அமைவு என மூன்று தரவுக் கிடங்குகளைப் பிரித்தது. வரைவு அமைவும் தொடக்க அமைவும் எல்லாக் கருவிகளிலும் இருப்பதில்லை. வரைவில் எழுதி, சரிபார்த்து, பின்னர் ஒரே அடியாக நடைமுறைக்குக் கொண்டுவரலாம். உறுதிசெய்யப்படும் ஒப்புவிப்பு என்னும் வசதியில், குறித்த நேரத்துக்குள் மேலாளர் மீண்டும் உறுதி செய்யாவிட்டால் கருவி தானே பழைய அமைவுக்குத் திரும்பும். இதன் இயல்பு நேரம் 600 நொடிகள். தவறான கட்டளையால் தன் இணைப்பையே துண்டித்துக்கொண்ட மேலாளரையும் இது காப்பாற்றும். 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8342, கருவியில் என்ன இருக்க வேண்டும் என எண்ணப்பட்டது, உண்மையில் என்ன செயல்படுகிறது என்னும் இரண்டையும் தனித்தனிக் கிடங்குகளாக்கியது. கொள்கை எழுதப்பட்டும் நடைமுறைக்கு வராத இடங்களை இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கண்டறியலாம்.

சரிபார்ப்பின் முக்கியத்துவத்துக்கு ஒரு நிகழ்வு சான்றாகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய சேவைகள் உலகெங்கும் சுமார் 6 மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது என்றும், அத்தகைய கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் இருந்த வழுவால் அது தடுக்கப்படவில்லை என்றும் நிறுவனம் விளக்கியது.

கைப்பேசி வலையமைப்புகளில்

முடிவு முனையையும் செயலாக்க முனையையும் பிரிக்கும் முறை கைப்பேசி வலையமைப்புகளில் நிலைபெற்றது. 3ஜிபிபி அமைப்பு தொடக்கத்தில் காப்ஸ் நெறிமுறையைப் பயன்படுத்தி, பின்னர் டயாமீட்டர் நெறிமுறைக்கு மாறியது. 5ஜி கட்டமைப்பில் கொள்கைக் கட்டுப்பாட்டுச் செயற்கூறு முடிவுகளை எடுக்கிறது. கொள்கைத் தரவு, ஒருங்கிணைந்த தரவுக் களஞ்சியத்தில் தனிப் பிரிவாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றுக்கிடையே தரவு ஜேசான் வடிவில் செல்கிறது.

பயனர் ஒருவரின் அன்றைய தரவு அளவு தீர்ந்ததும் இணைய வேகம் குறைவது, இவ்வாறு சேமிக்கப்பட்ட ஒரு கொள்கையின் விளைவாகும். அதில் நிபந்தனை, செயல், காலவரம்பு ஆகிய மூன்றும் உள்ளன. அந்தப் பதிவில் ஒரு புலம் தவறினால், பணம் செலுத்திய பயனருக்குச் சேவை கிடைக்காமல் போகலாம். அல்லது கட்டணமின்றிச் சேவை தொடரலாம்.